ரெஜாங் லா: பனி சொன்ன சாட்சி

1962 போரில் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதுமாக மாண்டது. உயிரோடு திரும்பிய சிலர் சொன்னதை ராணுவம் நம்புவதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

1963 பிப்ரவரி. சண்டை ஓய்ந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. லடாக்கின் சுஷூல் பகுதியில் ஆடு மேய்க்கும் ஒருவர் ரெஜாங் லா என்ற கணவாய்ப் பக்கம் ஏறிப் போனார். 16,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். மரமில்லை, செடியில்லை, கல்லும் பனியும்தான். அங்கே பாறை மறைவுகளிலும் பதுங்குகுழிகளிலும் இந்தியச் சிப்பாய்கள் கிடந்தார்கள். பலர் கையில் துப்பாக்கி இருந்தது. விறைத்துப் போன உடல்களைக் குளிர் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது.

அவர் கீழே வந்து சொன்ன பிறகு பிரிகேடியர் டி.என். ராய்னாவின் தலைமையில் ஒரு குழு மேலே சென்றது. செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகளும் உடன் சென்றார்கள். 96 உடல்கள் கிடைத்தன. காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த மருத்துவ உதவியாளர் தரம்பால் தஹியாவின் கைகளில் ஊசியும் பேண்டேஜும் இருந்தன. பீரங்கிக் குண்டுகளுக்கும் கணக்கு எடுத்தார்கள். அந்தக் கம்பெனியின் மார்ட்டர்களுக்குத் தரப்பட்டிருந்த சுமார் ஆயிரம் குண்டுகளில் ஏழு மட்டுமே மிச்சம் என்று பின்னாளில் ராணுவ வரலாற்று நூல்கள் எழுதின.

இதையெல்லாம் ஏற்கெனவே சிலர் சொல்லியிருந்தார்கள். மலையிலிருந்து உயிரோடு இறங்கி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சை யாரும் சட்டை செய்யவில்லை.

சமவெளிக்காரர்கள்

ரெஜாங் லாவில் நின்றது 13வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. பெயரில்தான் குமாவோன் மலை இருந்தது. பட்டாலியனில் இருந்த ஜவான்களோ அஹிர்கள். இன்று ஹரியானாவில் இருக்கும் ரேவாரி, மகேந்திரகர், குர்காவ் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். கம்பும் கடுகும் விளையும் வறண்ட சமவெளி அது. ஒரே கிராமத்திலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் கம்பெனிக்குள் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் இருந்தார்கள். ராணுவத்தில் ஒரு கம்பெனி அழிந்தால் அது ஒரு செய்தி. இந்தக் கம்பெனி அழிந்தால் ஒரு வட்டாரத்தின் பல வீடுகளில் ஒரே நாளில் சாவு.

தலைமை தாங்கிய மேஜர் ஷைத்தான் சிங் பாட்டி ஜோத்பூர் பக்கத்து ராஜபுத்திரர். அவருடைய அப்பாவும் ராணுவ அதிகாரி. போர் நடந்தபோது மேஜருக்கு 38வது வயது நிறைய இரண்டு வாரம்கூட இல்லை.

பட்டாலியன் 1962 இலையுதிர்காலத்தில்தான் காஷ்மீரின் பாராமுல்லாவிலிருந்து லடாக்குக்கு மாற்றப்பட்டது. அவர்கள் அதற்கு முன் அவ்வளவு உயரத்தில் சண்டை போட்டதில்லை. அங்கே மூச்சு வாங்கும், உணவு வேக நேரம் பிடிக்கும், இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளிருக்கு ஏற்ற உடைகள் எல்லோரிடமும் இல்லை. கையில் இருந்தவை .303 ரைஃபிள்கள், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரகம்.

சுஷூலில் ஒரு விமானத்தளம் இருந்தது. லே நகரைக் காக்க அது தேவை. அக்டோபர் இறுதியில் இலகு ரக டாங்கிகளைக்கூட விமானத்தில் கொண்டுவந்து அங்கே இறக்கியிருந்தார்கள். சுஷூலுக்குத் தென்கிழக்கிலிருந்து வரும் வழியை அடைத்து நிற்பது ரெஜாங் லா. அதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியப் பீரங்கிகளுக்கும் சார்லி கம்பெனிக்கும் நடுவே ஒரு மலைமுகடு குறுக்கிட்டது. பின்னாலிருந்து பீரங்கிகள் எவ்வளவு சுட்டாலும் ரெஜாங் லாவுக்கு முன்னால் வரும் எதிரி மேல் விழாது. ஆக, சுமார் 120 பேர் கொண்ட கம்பெனி தன்னிடமிருந்த துப்பாக்கிகளையும் சிறு மார்ட்டர்களையும் மட்டுமே நம்பியாக வேண்டும். மேஜருக்கு இது தெரியும். ஜவான்களுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை

1962 நவம்பர் 18, ஞாயிறு. விடியும் முன்பே, மலை இடுக்குகளின் வழியே சீனத் துருப்புகள் ஏறி வந்தன. கம்பெனியின் மூன்று பிளட்டூன்களும் ஒன்றையொன்று எட்டாத தொலைவில் தனித்தனியாக நின்றன. எதிரி கிட்டே வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். முதலில் வந்தவர்கள் இடுக்குகளிலேயே விழுந்தார்கள். அடுத்து வந்தவர்களும் விழுந்தார்கள். அதன்பின் சீனர்கள் தந்திரத்தை மாற்றினார்கள். பீரங்கியாலும் மார்ட்டராலும் பதுங்குகுழிகளை நொறுக்கிவிட்டு, சுற்றி வளைத்துப் பின்புறமாகவும் தாக்கினார்கள்.

மேஜர் ஒரு பிளட்டூனிலிருந்து மற்றொன்றுக்கு, குண்டு மழையில் திறந்தவெளியில் நடந்தார் என்று அவருக்குத் தரப்பட்ட பரம்வீர் சக்ரா விருதின் சான்றுரை பதிவு செய்கிறது. பலத்த காயம் பட்டது. அவரை ஜவான்கள் தூக்கிக்கொண்டு இறங்கியபோது சீன எந்திரத் துப்பாக்கி அவர்களைக் குறிவைத்தது. தன்னை விட்டுவிட்டுப் போகும்படி அவர் உத்தரவிட்டார். ஒரு பாறையின் மறைவில் அவரைக் கிடத்திவிட்டு அவர்கள் நகர்ந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர் அங்கேயே இருந்தார்.

தோட்டா தீர்ந்தவர்கள் வெறுங்கையோடு பாய்ந்தார்கள். மல்யுத்தம் பயின்ற லான்ஸ் நாயக் சிங் ராம் எதிரிகளைப் பிடித்துப் பாறையில் மோதினார் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஜமேதார்கள் ஹரி ராமும் சுர்ஜாவும், நாயக்குகள் ஹுக்கும் சந்தும் குலாப் சிங்கும் தங்கள் இடங்களிலேயே மடிந்தார்கள். மொத்தம் 114 பேர். தப்பியவர்களில் சிலர் படுகாயத்தோடு கைதானார்கள். மார்ட்டர் பிரிவை நடத்திய நாயக் ராம் குமார் யாதவ் காயங்களோடு பட்டாலியன் தலைமையிடம் வந்து சேர்ந்தார்.

"கம்பெனி எப்படிச் சண்டை போட்டது என்று போய்ச் சொல்" என்ற பொருளில் மேஜர் கடைசியாகச் சொன்னதாக, கூட இருந்த ஜவான் ஒருவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். தான் பிழைத்ததே அதைச் சொல்வதற்காகத்தான் என்று அவர் நம்பினார்.

நம்ப மறுத்த நாட்கள்

சொன்னார்கள். ஆனால் அதற்கு அது மோசமான நேரம். அதே நவம்பர் 18 அன்றுதான் நாட்டின் மறு கோடியில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், இந்திய ராணுவம் குலைந்து போனது. சே லாவிலிருந்து பின்வாங்கிய டிவிஷன் சிதறியது, பொம்டிலா வீழ்ந்தது. டில்லி கலங்கிப் போயிருந்தது. நவம்பர் 21ல் சீனா தானாகவே சண்டை நிறுத்தத்தை அறிவித்தது. தோல்வியின் மேல் அது இன்னொரு அவமானம்.

அப்படிப்பட்ட வாரத்தில், காயம்பட்ட சில சிப்பாய்கள் வந்து ஒரு கம்பெனி கடைசித் தோட்டா வரை சண்டை போட்டது, ஒருவரும் ஓடவில்லை என்றால் யார் காதில் ஏறும்? சிலர் முகத்துக்கு நேரேயே சந்தேகப்பட்டார்கள். ராணுவ விசாரணை வரும் என்ற பேச்சும் இருந்தது என்று பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். 120 பேரில் நீ மட்டும் எப்படிப் பிழைத்தாய் என்ற கேள்விக்கு, உடம்பில் உள்ள தழும்புகளைத் தவிர அவர்களிடம் வேறு பதில் இல்லை.

1963 ஜனவரி 27 அன்று டில்லியில் பிரதமர் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர், போரில் இறந்தவர்களுக்காகக் கவிஞர் பிரதீப் எழுதிய பாடலைப் பாடினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அந்தப் பாடல் இன்றும் ஒவ்வொரு தேசிய விழாவிலும் ஒலிக்கிறது. அது முதன்முதலாகப் பாடப்பட்ட அன்று ரெஜாங் லாவின் 96 பேரும் பனிக்கடியில்தான் கிடந்தார்கள். அவர்களைத் தேடி இன்னும் யாரும் போகவில்லை.

பிப்ரவரியில் உடல்கள் கிடைத்த பிறகு நிலைமை மாறியது. சுஷூலில் ராணுவ மரியாதையுடன் ஒன்றாகத் தகனம் செய்தார்கள். மேஜரின் உடல் ஜோத்பூருக்குப் போனது. ஒரு பரம்வீர் சக்ரா, எட்டு வீர் சக்ரா என்று விருதுகள் வந்தன. சார்லி கம்பெனிக்கு 'ரெஜாங் லா கம்பெனி' என்ற பெயர் நிலைத்தது. இறந்தவர்களின் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த காயங்கள், பிழைத்தவர்களின் வாய்மொழிக்குச் சான்றிதழ் ஆயின.

தோற்ற போரின் வீரர்கள்

ஆனாலும் 1962 என்பது நாடு பேச விரும்பாத ஆண்டாகவே இருந்தது. அரசின் கணக்குப்படி 1,383 பேர் இறந்தார்கள். 1,696 பேர் காணாமற் போனார்கள். ஏறக்குறைய 4,000 பேர் கைதிகள். தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் முழுமையாக வெளியிடவில்லை. வென்ற போரின் வீரர்களுக்கு ஊர்வலம் கிடைக்கும். தோற்ற போரில் நன்றாகச் சண்டையிட்டவன் நிலை தர்மசங்கடமானது. அவனைப் பாராட்டினால், அவனுக்கு ஏன் கம்பளிச் சட்டையும் நல்ல துப்பாக்கியும் தரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

எனவே நினைவைக் காப்பாற்றும் வேலை முதலில் ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. ரேவாரியில் நினைவிடம் எழுந்தது. ஒவ்வொரு நவம்பர் 18 அன்றும் கிராமங்களில் மாலை போட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் அங்கே அரசு ஆவணத்தில் இருக்கும் வரிசையாக இல்லை. இன்னாருடைய அப்பா, இன்னாருடைய பெரியப்பா என்று வீட்டு உறவாக இருந்தன.

அரசு வெகு தாமதமாக வந்து சேர்ந்தது. டில்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் வெண்கலச் சிற்பங்களில் ரெஜாங் லாவும் ஒன்று. 2021 நவம்பர் 18 அன்று புதுப்பிக்கப்பட்ட ரெஜாங் லா நினைவகத்தைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்து வைத்தார். 1962ல் 13 குமாவோனில் இருந்த முதியவர் பிரிகேடியர் ஆர்.வி. ஜதாரின் சக்கர நாற்காலியை அமைச்சரே தள்ளிச் சென்ற படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. 2023 ஜனவரியில் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர் சூட்டப்பட்டபோது ஒரு தீவுக்கு ஷைத்தான் சிங்கின் பெயர் கிடைத்தது.

தாமதத்துக்குப் பின் வந்தது போட்டி. 2022ல் குர்காவ் அருகே நெடுஞ்சாலையோரம் பந்தல் போட்டு, ராணுவத்தில் அஹிர் ரெஜிமென்ட் வேண்டும் என்று போராடியவர்கள் ரெஜாங் லாவைத்தான் முதல் சாட்சியாகக் காட்டினார்கள். 2025ல் இந்தச் சண்டையைப் பற்றி '120 பகதூர்' என்ற ஹிந்திப் படம் வந்தபோது, தங்கள் சமூகத்தின் பெயர் தலைப்பில் இல்லையே என்று அதே வட்டாரத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அறுபது வருடம் தாங்களே சுமந்த நினைவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற ஆதங்கம் அதில் இருந்தது. ஆனால் அந்தக் காலையில் அஹிர் ஜவான்களோடு சேர்ந்து செத்தவர்களில் ராஜபுத்திர மேஜரும் இருந்தார், ராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த தஹியாவும் இருந்தார். பக்கத்து குருங் மலையில் அதே நாளில் கூர்க்காக்களும் மடிந்தார்கள்.

அகற்றப்பட்ட கல்

அந்த மலைக்கு அமைதி இன்னும் வரவில்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் சீனாவுடன் மோதல் முற்றியபோது இந்தியத் துருப்புகள் ரெஜாங் லா உள்ளிட்ட உயரங்களில் மீண்டும் ஏறி நின்றன. 2021 பிப்ரவரியில் இரு தரப்பும் பின்வாங்க ஒப்புக்கொண்டன. நடுவே யாரும் போகக்கூடாத இடைநிலப் பகுதி உருவானது. மேஜரின் உடல் கிடைத்த இடத்தில் இருந்த சிறு நினைவுச்சின்னம் அந்தப் பகுதிக்குள் சிக்கியதால் அகற்றப்பட்டது என்று சுஷூலின் முன்னாள் மலை கவுன்சில் உறுப்பினர் 2023 டிசம்பரில் தெரிவித்தார். கீழே பெரிய நினைவகம் பளபளக்கிறது. அவர் உயிர் விட்ட இடத்தில் இருந்த சின்னம் இல்லை.

கல்லை அகற்றலாம், படத்துக்குப் பெயர் மாற்றலாம், விழாவுக்கு அமைச்சர் வரலாம், வராமலும் போகலாம். அன்று அந்த மலையில் இருபது வயதில் நின்றவர் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். நேரில் பார்த்தவர்களின் குரல் ஒவ்வொன்றாக ஓய்கிறது. இனி சொல்ல வேண்டியவர்கள் அங்கே இல்லாதவர்கள்தான்.

1962ல் இந்தச் சிப்பாய்கள் கேட்டது சிலையோ தீவோ இல்லை. சொன்னதை நம்ப வேண்டும் என்பது மட்டும்தான். அதற்குக்கூட 96 உடல்கள் பனியில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நவம்பர் 18 அன்றும் மாலையோடு அதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.