பூனையை வெளியே விடலாமா?

"பூனைதானே டாக்டர், அதுபாட்டுக்கு வெளியே போய்ட்டு வரட்டுமே!" என்று பலரும் சொல்கிறார்கள். நாயைச் சங்கிலியில் கட்டி வளர்க்கிற வீட்டில்கூட பூனைக்குக் கட்டுப்பாடு கிடையாது. பகலெல்லாம் சோபாவில் தூக்கம். விளக்கு வைத்த நேரத்தில் மதில் ஏறிக் குதித்தால் விடியற்காலையில்தான் வீடு திரும்பும். எங்கே போனது, எதைத் தின்றது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், திரும்பி வந்து படுப்பது நம் குழந்தையின் போர்வைக்குள்தான்! அதனால் இதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

வயிறு நிறைந்தாலும் வேட்டை

பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு முட்டச் சாப்பிட்ட பூனையும் அணிலைக் கண்டால் பதுங்கும். எலியை மட்டும் பிடித்தால் பரவாயில்லை. சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவிக் குஞ்சு, ஓணான் எதையும் விடாது. நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கம் வந்தபோது பூனைகளும் வந்து சேர்ந்தன. அங்கிருந்த ஒரு சின்னஞ்சிறு குருவி இனம் சில வருஷங்களிலேயே பூண்டோடு அழிந்துபோனது.

சைவ வீடுகளில் இன்னொரு சிக்கல். பாலும் தயிர்சாதமும் போட்டே பூனையை வளர்க்கிறார்கள். பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை கெடும், இதயம் பலவீனப்படும். வீட்டில் மாமிசம் சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிப் போடுங்கள். இங்கிலாந்தில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், மாமிசச் சத்து மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிஷம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது.

நமக்கு என்ன ஆபத்து?

எலி, பறவைகளைத் தின்னும் பூனைக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம். அது பூனையின் மலத்தில் வெளிவரும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். "பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம் அம்மா! மலம் வெளிவந்தவுடனே தொற்றாது. கிருமி முதிர ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் போதும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக்கூடாது. தோட்டத்து மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்கறியை நன்றாக அலசுங்கள். மாமிசத்தை முழுக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள். இந்தக் கிருமி அவற்றின் மூலமும் வரும்.

அடுத்தது ரேபிஸ். தெருவில் நாயிடம் கடிபட்ட பூனையும் ரேபிஸைக் கொண்டுவரும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். நான் சித்த வைத்தியன்தான். இருந்தாலும் அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் எந்த வைத்தியத்திலும் பிழைப்பது அரிது.

பூனைக்கும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டில் விஷம் வைத்த எலியை இது தின்றுவிட்டு வந்து துடிக்கும். வண்டிச் சக்கரமும் தெருநாயும் எப்போதும் காத்திருக்கின்றன.

என்னதான் செய்வது?

* முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதே நல்லது. குட்டியிலேயே பழக்கினால் சுலபமாகப் பழகிவிடும். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடியுங்கள்.

* அது முடியாத வீடுகளில், பொழுது சாய்வதற்குள் சோறு வைத்து உள்ளே அழைத்துவிட்டு, நன்றாக விடிந்தபிறகு கதவைத் திறங்கள். அந்தியும் அதிகாலையும்தான் வேட்டை மும்முரமாக நடக்கும் நேரம்.

* மூன்று மாதக் குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி தொடருங்கள். ஐந்து மாதம் ஆகும்போது கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட்டால் ஊர் சுற்றலும் சண்டையும் குறையும்.

* உள்ளே இருக்கும் பூனைக்குப் பொழுது போக வேண்டாமா? கயிற்றில் கட்டிய பந்து போதும். குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயர் உண்டு. அதன் வேரைக் கழுவி, முகரக் கொடுத்துப் பாருங்கள். பல பூனைகள் மயங்கிப் புரண்டு விளையாடும்! விளையாடி முடித்ததும் வேரை எடுத்துவிடுங்கள், தின்ன விடாதீர்கள்.

இன்று சாயங்காலம் விளக்கு வைக்கும்போது உங்கள் பூனை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அது உள்ளே இருந்தால் குருவிக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது, உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் நல்லது.