பெயர் கிடைக்காத கல்லூரி

தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்காவுக்குப் பட்டம் தருவது சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகம். இது தோன்றிய ஆண்டு 1997. இதற்கு 140 ஆண்டுகள் மூத்தது, 1857ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே முதல் பி.ஏ., தேர்வில் தேறியவர்கள் இருவரே. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் தெரியுமா? கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள்! ஒருவர் சி.வை.தாமோதரம் பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை.

இருவரும் படித்த இடம், யாழ்ப்பாணம் அருகே உள்ள வட்டுக்கோட்டை செமினரி. அமெரிக்கப் பாதிரிமார் 1823ல் தொடங்கியது. முதல் தலைவர் டேனியல் பூவர். கல்லூரி நடத்தவே அவர்கள் விரும்பினர். இலங்கையை ஆண்ட ஆங்கில அரசோ அதற்குச் சாசனம் தரவில்லை.

பெயர் கிடைக்காவிட்டால் என்ன? பாடத்தில் குறை வைக்கவில்லை! பைபிளோடு கணிதம், வானவியல், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கற்பித்தனர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இது இணை என்று, இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதினார்.

ஆனாலும், 1855ல் செமினரி மூடப்பட்டது. 'ஆங்கிலம் கற்றவர்கள் வேலை தேடிப் போய்விடுகிறார்கள். சமயப் பணி வளரவில்லை' என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. பிறகு 1872ல், அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது.

பள்ளியை மூடலாம், கற்ற கல்வியை மூட முடியுமா? தாமோதரம் பிள்ளை செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1887ல் கலித்தொகையை முதன்முதலாக அச்சிட்டார். ஏட்டோடு அழிய இருந்த நூல் நமக்குக் கிடைத்தது.

'பெரிய பள்ளியில் இடம் கிடைக்கவில்லையே' என்று வருந்துகிறீர்களா? பள்ளியின் பெயர் பலகையில் இருக்கும். படிப்பு உங்களிடம் இருக்கட்டும்!