கையேட்டுத் தாள்களின் குறிமொழி

ஓர் ஆசிரியர் தமது கையெழுத்துப் படியை அச்சகத்துக்கு அனுப்பும்போது அதிலுள்ள யாவும் அச்சேறுதற்கு உரியன அல்ல. தலைப்பின் கீழ் இரட்டைக் கோடு இழுத்திருப்பின் அக்கோடு அச்சிடப்படுவதன்று. அத்தலைப்பைத் தடித்த எழுத்திற் கோக்குக என்று அச்சுக்கோப்பவர்க்கு இடப்பட்ட கட்டளை அது. ஓரத்தில் ‘புதிய பந்தி’ எனக் குறித்திருப்பின் அதுவும் அத்தகையதே. நூலின் சொல் வேறு. நூல் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைச் சொல்லுஞ் சொல் வேறு. 1841இல் உதயதாரகை வெளிவந்த மானிப்பாய் அச்சகத்திலும், 1849இல் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலும் அச்சுக்கோத்தவர்கள் இவ்விருவகைச் சொற்களையும் கண்ட அளவிலே பிரித்தறிந்திருப்பர். ஓலைச்சுவடிக்கோ இத்தொல்லை பெரிதும் இல்லை. மெய்க்குப் புள்ளியும் இன்றி, பந்திப் பிரிவும் இன்றி ஓடிய ஏட்டெழுத்தில் எதனை எங்கே நிறுத்துவது என்பது படிப்பவர் பொறுப்பாய் இருந்தது.

அச்சுக்கோப்பவர் மனிதராய் இருக்குமளவும் இவ்வேறுபாட்டை விளக்கவேண்டிய தேவை எழவில்லை. அவ்விடத்தில் கணினி அமர்ந்தபோதுதான் அது எழுந்தது. கணினிக்கு மையின் நிறமும் தெரியாது, ஓரமும் தெரியாது. அதன்முன் வருவது எழுத்துக்களின் நீண்ட வரிசை ஒன்றே. அவ்வரிசையில் எது நூல், எது கட்டளை என்பதை அவ்வெழுத்துக்களைக் கொண்டே உணர்த்தவேண்டும். இதற்கென அமைந்த மொழிகளைக் குறிமொழிகள் எனலாம். அவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று இன்றும் உயிரோடிருக்கின்றது. யுனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில், ஒரு கட்டளையின் பயனை அறிய விரும்புவோர் திரையில் வரவழைத்துப் படிக்கும் கையேட்டுத் தாள்கள் அம்மொழியிலேதான் எழுதப்படுகின்றன. ரொஃப் என்பது அதன் பெயர்.

இதன் தோற்றம் 1964ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஜெரோம் சால்ட்சர், தமது ஆய்வு தொடர்பான எழுத்தைக் கணினியைக்கொண்டே ஒழுங்காகத் தட்டச்சிட விரும்பி ரன்னொஃப் என்னும் நிரலை ஆக்கினார். அவர் கையாண்ட உத்தி மிக எளியது. ஒரு வரி புள்ளியோடு தொடங்கினால் அது கட்டளை. அன்றேல் அது நூல். ஆங்கில உரைநடையில் எந்த வரியும் முற்றுப்புள்ளியோடு தொடங்குவதில்லை ஆதலின், எவருக்கும் பயன்படாதிருந்த ஓரிடத்தை அவர் கட்டளைக்கு ஒதுக்கினார். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அவ்விதி மாறவில்லை.

ரன்னொஃப் பின்னர் பெல் ஆய்வுகூடத்தை அடைந்தது. அங்கே ரொபேட் மொறிஸ், டக்ளஸ் மக்கில்ரோய் முதலியோர் கையில் அது சுருங்கி ரொஃப் ஆயிற்று. யுனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றில் இச்சிறு நிரலுக்கு உள்ள இடத்தைப் பலர் அறியார். கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தம் இயங்குதளத்துக்கென ஒரு புதிய கணினி வேண்டுமென்று கேட்டபோது, இயங்குதள ஆராய்ச்சிக்குப் பணங் கொடுக்க ஆய்வுகூடத் தலைமை விரும்பவில்லை. ஆவணங்களைச் செப்பனிட்டு அச்சிடும் ஏற்பாடு ஒன்றை அமைத்துத் தருவோம் என்று சொன்ன பின்னரே பிடிபி-11 என்னும் கணினி வாங்கப்பட்டது. வாக்கு வீணாகவில்லை. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பகுதியைச் சேர்ந்த மூன்று தட்டெழுத்தாளர்கள் அக்கணினியில் நாள்முழுதும் விண்ணப்பங்களைத் தட்டி, திருத்தி, ரொஃப் கொண்டு ஒழுங்கு செய்தனர். அக்கணினியின் நினைவகம் முழுவதும் 24 கிலோபைற்று. வட்டின் கொள்ளளவு அரை மெகாபைற்று. இன்று ஒரு நிழற்படத்துக்கும் அவ்வளவு இடம் போதாது. பேரியங்குதளம் ஒன்று கடிதம் அழகுசெய்யுங் கருவியின் தோளேறி அரங்கிற்கு வந்தது என்றால் அது மிகையன்று.

அதே ஆண்டு நவம்பர் மாதம் 3ஆந் தேதியிட்டு யுனிக்ஸ் நிரலர் கையேட்டின் முதற் பதிப்பு வெளிவந்தது. அதன் தாள்களும் ரொஃப் கொண்டே அமைக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வொரு தாள்; ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒழுங்கிலமைந்த தலைப்புக்கள். முதலிற் பெயர், அடுத்துப் பயன்படுத்தும் முறையின் சுருக்கம், அதன்பின் விளக்கம், தொடர்புடைய கோப்புக்கள், ஒப்புநோக்கத் தக்க பிற தாள்கள் என்பன வரும். தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் ஒரு நூலின் முகப்பிலேயே சொல்லிவிடவேண்டும் என்று சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்த மரபு இங்கு உண்டு. நூலுட் புகுமுன் அது தனக்குரியதா என்று கற்பவன் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே ஈரிடத்தும் நோக்கம்.

ஆயின் பாயிரத்தில் இல்லாத ஒன்று கையேட்டுத் தாளில் உண்டு. தாளின் இறுதியிற் ‘குறைகள்’ என்றொரு தலைப்பு வரும். நிரலை எழுதியவரே, இஃது இன்னவிடத்திற் பிழைபடும், இன்னது இதனால் இயலாது என்று எழுதிவைப்பார். தமிழ்ப் புலவரின் அவையடக்கமும் தன் குறை கூறுவதே எனினும், அது பணிவின் பாற்பட்டது. எந்தச் செய்யுளில் எந்தச் சீர் தளை தட்டுகின்றது என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை. கையேட்டுத் தாளோ இடஞ் சுட்டிச் சொல்கின்றது. நிரல் விற்பனைப் பொருளாகிய பிற்காலத்தில் இத்தலைப்பு அருகியது வருந்தத்தக்கது.

1973ஆம் ஆண்டளவில் ஜோ ஒசானா என்பவர் இம்மொழியைப் பெரிதும் விரித்தார். எழுத்துருவங்கள் பதிந்த படச்சுருளினூடே ஒளியைப் பாய்ச்சி ஒளியுணர் தாளில் எழுத்துக்களைப் பதிக்கும் அச்சுக்கோப்புப் பொறி ஒன்று பெல் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தது. அதனை ஏவுதற்கு அவர் ஆக்கியது டீரொஃப். மைக் லெஸ்க் அட்டவணைகளுக்கும், பிறயன் கேணிகன், லொரிண்டா செறி ஆகிய இருவரும் கணிதச் சமன்பாடுகளுக்கும் துணை நிரல்களை அமைத்தனர். கேணிகனும் றிச்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலின் பக்கங்களை அவர்களே இம்முறையிற் கோத்தனர். ஒசானா 1977இல் மறைந்தார். அவர் ஒரே பொறிக்கென எழுதியதை எப்பொறிக்கும் ஏற்றவாறு 1979இல் கேணிகன் மாற்றியமைக்கத் தொடங்கினார். இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் வழங்குவது ஜேம்ஸ் கிளார்க் தொடக்கிவைத்த ஜீரொஃப் என்னும் மறு ஆக்கம்.

ரொஃப் மொழியின் அடிப்படைக் கட்டளைகள் மிகச் சிறியன: ஒரு வரி இடம் விடு, உள்ளே தள்ளு, எழுத்தை மாற்று என்பன போன்றவை. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு தலைப்புக்கும் இவற்றை அடுக்குதல் சலிப்புத் தருவது. எழுதுவோர் பலராயின் ஒருமைப்பாடுங் கெடும். எனவே பல கட்டளைகளைத் திரட்டி ஒரு பெயரிட்டு வழங்கும் தொகுப்புக் கட்டளைகள் எழுந்தன. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்புக்கென மக்கில்ரோய் வகுத்த ‘மான்’ தொகுப்பு இன்றும் நிலவுகின்றது. புள்ளியை அடுத்து எஸ், எச் என்னும் இரண்டு ஆங்கிலப் பேரெழுத்துக்களை எழுதி அதன்பின் ஒரு சொல்லை எழுதினால் அது பகுதித் தலைப்பாகும்; புள்ளியை அடுத்து பி என்று எழுதினால் அவ்வரி தடித்த எழுத்தில் வரும்; ஐ என்று எழுதினால் சாய்ந்து வரும். இருபதுக்குச் சற்று மேற்பட்ட இத்தகைய கட்டளைகளைக் கற்றவர் ஒரு பிற்பகலிலேயே ஒரு தாளை எழுதி முடிக்கலாம்.

ஈண்டு ஒரு குறை நோக்கத்தக்கது. தடித்த எழுத்தில் வரும் சொல் ஒரு கட்டளையின் பெயரா, அதற்குக் கொடுக்கும் தெரிவா, அன்றி வெறும் அழுத்தமா என்பதை மான் தொகுப்புச் சொல்வதில்லை. மனிதக் கண் ஊகித்துக்கொள்ளும், கணினி ஊகிக்காது. பேர்க்கிளி பல்கலைக்கழகத்தில் சிந்தியா லிவிங்ஸ்டன் ஆக்கி, 1990இல் அங்கிருந்து வெளிவந்த பதிப்போடு வழங்கிய ‘எம்டொக்’ தொகுப்பு இதற்குப் பரிகாரமாயிற்று. அதில் எழுத்தின் தோற்றத்தைச் சொல்லுதற்குப் பதிலாகச் சொல்லின் தன்மையைச் சொல்லவேண்டும்: இது பெயர், இது தெரிவு, இது கொடுக்கவேண்டிய பொருள், இது சூழல் மாறி. தோற்றத்தை நிரல் பார்த்துக்கொள்ளும். ‘இன்ன சூழல் மாறியைக் குறிப்பிடும் தாள்கள் எவை’ என்று வினவினால் விடை கிடைப்பது இதன் பயன். சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என வகுத்த பின்னரே அதன் புணர்ச்சியைப் பேசும் இலக்கணம் கற்றவர்க்கு எம்டொக் முறையே செம்மையானதாகத் தோன்றும். எனினும் லினக்ஸ் உலகம் பழைய மான் தொகுப்பையே பெரிதும் தழுவி நிற்கின்றது. பேர்க்கிளி வழிவந்த இயங்குதளங்கள் எம்டொக்கைக் கைக்கொண்டன.

எளிய விதிகளுக்கு அவற்றிற்கேயுரிய கண்ணிகளும் உண்டு. யுனிக்ஸில் மறைகோப்புக்களின் பெயர்கள் புள்ளியிலேயே தொடங்குவன. அத்தகைய பெயர் ஒன்று தாளில் ஒரு வரியின் தொடக்கத்தில் வந்துவிட்டால், ரொஃப் அதனை அறியாத கட்டளை எனக் கருதி ஓசையின்றி விழுங்கிவிடும். எழுதியவர் எழுதியது கோப்பில் இருக்கும். படிப்பவர் திரையில் இராது. இதனைத் தடுக்க அப்புள்ளியின் முன் அகலமற்ற ஒரு குறியை இடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இட்டுத்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டியதைக் காக்கவேண்டியிருக்கின்றது.

இதனினும் கொடியது சிறுகோட்டின் சிக்கல். தட்டச்சு விசைப்பலகையில் சிறுகோடு ஒன்றே. அச்சுக்கலையிலோ சொற்களை இணைக்கும் கோடு வேறு, கழித்தற் குறி வேறு. டீரொஃப் அச்சுப் பொறிக்கு எழுந்தது ஆதலின், வெறுங் கோட்டை இணைப்புக் கோடாகவும், பின்சாய்கோட்டை முன்னிட்ட கோட்டைக் கழித்தற் குறியாகவும் கொண்டது. தாளில் அச்சிட்ட காலத்தில் இதனால் ஒரு தீங்கும் விளையவில்லை. யுனிகோட்டுத் திரைகள் வந்தபின் இணைப்புக் கோடு தனி எண் பெற்ற தனி எழுத்தாகிவிட்டது. கட்டளைகளின் தெரிவுகளோ விசைப்பலகைக் கோட்டில் தொடங்குவன. திரையிலிருந்த கட்டளை வரியை அப்படியே எடுத்து ஒட்டிய மாணவன், பார்வைக்குப் பிழையற்ற வரியைக் கணினி ஏற்க மறுப்பதைக் கண்டு திகைத்தான். தாள் எழுதுவோர் பலர் பின்சாய்கோட்டை இடாமலே பழகியிருந்தமையால் பிழை ஆயிரக்கணக்கான தாள்களிற் பரந்திருந்தது. 2023இல் ஜீரொஃப் 1.23 பதிப்பு வெளிவந்தபோது இவ்விவாதம் மீண்டும் மூண்டது. எழுதுவோர் திருந்தவேண்டும் என்றனர் ஒரு சாரார். படிப்போர் வருந்தலாகாது என்றனர் மறு சாரார். கையேடு படிப்பவனுக்கென்றே எழுதப்படுவது ஆதலின் இரண்டாங் கட்சியே வலியுடைத்து.

இனி, இம்மொழியில் தமிழ் நிற்குமா என்பது யாழ்ப்பாணத்தார்க்கு எழும் இயல்பான வினா. தொழிற்கையேடு தமிழில் எழுதப்படுதல் இத்தீபகற்பத்துக்குப் புதிதன்று. 1820இல் மருத்துவர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசனின் மருத்துவப் பணியைத் தொடங்கிய அதே ஆண்டில், அம்மிசனின் அச்சாளராக வந்த கரெற் என்பவர் தங்குதற்கு ஆங்கில அரசு இசையவில்லை. மிசனின் அச்சுப்பணி மானிப்பாயில் நிலைபெற 1830கள் ஆயின. 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பண்டத்தரிப்பில் மருந்து வந்த காலத்தும் மானிப்பாயில் மருத்துவ நூல் வந்த காலத்தும் இடையே நின்ற தடைகளுள் கருவியின்மையும் ஒன்று.

கணினிக் கையேட்டுக்குக் கருவி ஓரளவுக்கேனும் உண்டு. யுனிகோட்டில் ‘க’ என்பதன் எண் 2965; இகரக் குறியின் எண் 3007. ஜீரொஃப் அகத்தே ஐரோப்பிய எழுத்துக்களை மட்டும் கருதி அமைந்தது. 2009இல் அதனோடு சேர்ந்த முன்மாற்றி என்னும் துணை நிரல், தமிழெழுத்து ஒவ்வொன்றையும் அதன் எண் பொதிந்த குறியீடாக மாற்றிக் கொடுக்கின்றது. ஆகவே தமிழ்ச் சொல் உள்ளே செல்லும், வெளியே வரும். இடர்ப்பாடு வரியை நிரப்புவதில் உள்ளது. திரைக்கெனத் தாள் அமைக்கும்போது எழுத்தொன்றுக்கு ஒரு கட்டம் என்று எண்ணியே வரியின் நீளம் அளக்கப்படுகின்றது. ‘கொ’ என்பதில் 3018 என்னும் ஓரெண், மெய்யின் இருபுறமும் ஒற்றைக்கொம்பும் காலுமாய்ப் பிரிந்து நிற்கின்றது. ‘க்’ என்பதிற் புள்ளியோ தனக்கென இடமே கொள்வதில்லை. ‘ஞ’வையும் ‘ர’வையும் ஒரே அகலக் கட்டத்தில் அடக்கினால் ஒன்று நெருங்கும், மற்றது தளரும். எனவே எண்ணிய நீளமும் கண்ணுக்குத் தோன்றும் நீளமும் ஒத்துவருதல் அரிது. வலப்புற ஓரம் நேராகாது. வரியின் ஈற்றிற் சொல்லை முறிக்கும் ஆங்கில விதிகளும் தமிழுக்குப் பொருந்தா. தமிழ் அச்சுமரபு இணைப்புக் கோடின்றியே எழுத்தெல்லையிற் சொல்லை முறிப்பது.

இவற்றுக்கு எளிய வழி, வலப்புற ஓரத்தை ஒழுங்கு செய்யாது விடுமாறும் சொல்லை முறியாதிருக்குமாறும் தாளின் தொடக்கத்தில் இரண்டு புள்ளிக் கட்டளைகள் இடுதல். ‘பெயர்’, ‘சுருக்கம்’, ‘விளக்கம்’, ‘இவற்றையும் காண்க’, ‘குறைகள்’ என்னும் தலைப்புக்கள் எல்லாத் தாள்களிலும் மாறாது வரவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குக என்று கேணிகன் 1970களில் சொன்ன அறிவுரை தமிழுக்கும் ஏற்கும். ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் ஒரு வரியே மாறும், திருத்தியது எது என்பது உடனே தெரியும். எழுதி முடித்த தாளைக் கணினியின் கையேட்டு அடைவினுள் தமிழுக்குரிய உள்ளடைவில் வைக்கவேண்டும். கணினியின் மொழி தமிழ் என அமைத்திருப்பவர் கையேட்டுக் கட்டளையை இடும்போது, நிரல் முதலில் அவ்வுள்ளடைவையே தேடும். அங்கே தாள் இல்லையாயின் ஆங்கிலத் தாளைக் காட்டும்.