ஃபிளாட்வவுண்ட் தந்தி: பேஸ் கிதாருக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எலெக்ட்ரிக் பேஸ் கிதாரின் தந்தி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் எஃகுக் கம்பி ஒன்று ஓட, அதன்மேல் வேறொரு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். மேற்சுற்று உருண்டைக் கம்பியானால் அது ரவுண்ட்வவுண்ட். நாடா போன்ற தட்டைக் கம்பியானால் ஃபிளாட்வவுண்ட். முதலாவதைத் தடவினால் விரலில் வரிவரியாகத் தட்டுப்படும். இரண்டாவது வழவழப்பாக இருக்கும். தொனி, விறைப்பு, ஆயுள் என எல்லாவற்றிலும் இவை வேறுபடுவதற்கு இந்தச் சுற்றே காரணம்.

சுற்று எதற்கு?

நான்கு தந்தி பேஸ் கிதாரில் மிகத் தாழ்ந்த ‘ஈ’ தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ்; மிக உயர்ந்த ‘ஜி’ தந்தியின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பேஸ் கிதார்களில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ. இந்த நீளத்தில் இவ்வளவு தாழ்ந்த சுருதி வேண்டுமானால் தந்தியைத் தளர்த்த வேண்டும். அல்லது கனமாக்க வேண்டும். தளர்ந்த தந்தி கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளில் மோதிச் சலசலக்கும். ஆகவே கனத்தைக் கூட்டுவதே வழி. தடித்த ஒற்றைக் கம்பியில் கனம் கிடைக்கும். கூடவே விறைப்பும் வந்துவிடும். விறைத்த தந்தியில் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளில் நில்லாமல் சற்று ஏறி ஒலிப்பதால் சுருதி கலங்கும். உள்கம்பியின் மேல் சுற்றைச் சேர்த்தால் கனம் கூடுகிறது. விறைப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

தட்டைச் சுற்று செய்யும் வேலை

தந்தியை மீட்டியதும் அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. ரவுண்ட்வவுண்டில் அவை நீண்ட நேரம் நிலைப்பதால் ஒலி கணீரென்று இருக்கும். ஃபிளாட்வவுண்டில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளின் விளிம்புகள் நெருங்கி உரசுகின்றன. அந்த உராய்வு அதிர்வின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. உயர் மேற்சுரங்களில் தந்தி குறுகிய தூரத்துக்குள் பலமுறை வளைவதால் இழப்பும் அவற்றுக்கே அதிகம். அவை சட்டென்று அடங்க, அடிப்படைச் சுரமும் அதையடுத்த சில மேற்சுரங்களுமே மிஞ்சுகின்றன. ‘தும்’ என்று திரண்டு விழும் ஒலி இப்படித்தான் உருவாகிறது. விரல் நகரும்போது எழும் கீறல் ஒலியும் அநேகமாக இல்லாமல் போகிறது.

ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர அதன் கணீர் ஒலி சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கும். ஃபிளாட்வவுண்டில் அழுக்கு தங்க இடம் குறைவு. தொடக்கத்தில் இருக்கும் சிறு பளபளப்பு அடங்கியபின் ஒலி ஆண்டுக்கணக்கில் அதிகம் மாறாது. விலை கூடுதலானாலும் நாளடைவில் இது சிக்கனமே.

இசைப்பதிவுகள் சொல்லும் சான்று

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் விற்பனைக்கு வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பேஸ் கிதாருக்கு ஃபிளாட்வவுண்டே வழக்கமான தந்தி. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வவுண்டுகளைப் பூட்டியிருந்தார். அறுந்தால் ஒழிய அவர் தந்தியை மாற்றுவதில்லை. தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு நுரைத்துண்டும் இருந்தது. தந்தியின் உராய்வும் நுரையும் சேர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் குறுக்கியதால், வேகமான ஓட்டத்திலும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தனித்தனியே கேட்டன.

இங்கிலாந்தில் 1966 வாக்கில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எஃகு ரவுண்ட்வவுண்டைச் செம்மைப்படுத்தினார். ராக் இசை அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் ஃபிளாட்வவுண்ட் மென்மையான இசைக்கு மட்டுமே உரியது என்று இதற்குப் பொருளில்லை. அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ஃபிளாட்வவுண்டில்தான். தடித்த தந்தி, விரல்களின் வலுவான அடி, ஒலிபெருக்கியின் அமைப்பு ஆகியவற்றால் அதிலிருந்தே அவர் கூர்மையான தாக்கொலியை எடுக்கிறார்.

முதலில் இழுவிசை

தந்தி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இழுவிசையை. நீளமும் சுருதியும் மாறாதபோது, இழுவிசை ஓரலகு நீளத்தின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் 100 பங்கு தடிமனுள்ள தந்திக்குப் பதில், அதே அமைப்பில் 105 பங்குத் தந்தியைப் பூட்டினால் நிறை சுமார் 10 சதவீதம் கூடும். இழுவிசையும் அவ்வளவு கூடும்.

உறையில் அச்சிட்ட தடிமன் எண்ணை மட்டும் நம்புவது போதாது. உருண்டைக் கம்பிகளின் நடுவே இடைவெளி உண்டு. தட்டைச் சுற்றில் அது குறைவு. அதனால் ஒரே தடிமனில் ஃபிளாட்வவுண்ட் பெரும்பாலும் கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பும் வேறுபாடு பெரிது. வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் தயாரிக்கும் 43–100 தொகுதி (மெல்லிய தந்தி முதல் தடித்தது வரை) விரலுக்கு மிக இளக்கமானது. லா பெல்லாவின் 52–110 தொகுதி மிக இறுக்கமானது. டடாரியோவின் குரோம்ஸ் இறுக்கமானது. ஒலியில் ஃபிளாட்வவுண்டுகளுக்குள் தெளிவு மிகுந்தவற்றில் ஒன்று. ரவுண்ட்வவுண்டிலிருந்து மாறுபவர், இழுவிசைப் பட்டியலை ஒப்பிட்டுத் தம் பழைய தந்திக்கு நெருக்கமானதை எடுத்தால் கைக்கும் வாத்தியத்துக்கும் சிரமம் குறையும்.

உலோகமும் ஒலிபெருக்கியும்

துருப்பிடிக்காத எஃகு நாடா சற்றுக் கூர்மையான தொனி தரும். நிக்கல் நாடா மென்மையானது. முழு மந்தமும் வேண்டாம், முழுக் கணீரும் வேண்டாம் என்பவர்களுக்கு, உருண்டைச் சுற்றின் மேற்புறத்தைத் தேய்த்துச் சமமாக்கிய ஹாஃப்ரவுண்ட் உண்டு. ஃப்ரெட் இல்லாத பேஸில் ஃபிளாட்வவுண்டுக்குத் தனிப் பயன் இருக்கிறது: வரியுள்ள தந்தி விரற்பலகையை அரித்துவிடும், இது அரிக்காது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் அத்தகைய பேஸில் ரவுண்ட்வவுண்டைப் பூட்டி வாசித்ததால் விரற்பலகைக்கு எபாக்ஸி பூச வேண்டியிருந்தது.

எந்த ஒலிபெருக்கியில் கேட்கப்போகிறது என்பதும் முக்கியம். சிறிய ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது; மேற்சுரங்களைக் கொண்டே செவி அடிப்படைச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. மேற்சுரங்கள் மிகக் குறைந்த தந்தியை நெரிசலான வாத்தியக் கூட்டத்தில் வாசித்தால், கைபேசியில் கேட்பவருக்குப் பேஸ் இருப்பதே தெரியாமல் போகலாம். அத்தகைய இசைக்குத் தெளிவு மிகுந்த ஃபிளாட்வவுண்டே பொருந்தும்.

பொருத்தும்போது

தந்தியின் நீளம் வாத்தியத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 34 அங்குல பேஸுக்கும், ஹாஃப்னர் வயலின் பேஸ் போன்ற 30 அங்குல வாத்தியங்களுக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு. முறுக்காணியில் சுற்ற வேண்டியது நூல் உறையிட்ட மெலிந்த முனையே. தடித்த நாடாப் பகுதி அங்கே கூர்மையாக வளைந்தால் சுற்று பிரிந்துவிடும். உடலின் பின்புறமிருந்து தந்தி கோக்கும் பேஸ்களில் பிரிட்ஜருகே வளைவு கூர்மையாவதால், தயாரிப்பாளர் அனுமதித்த தொகுதியையே பூட்ட வேண்டும். தந்தியை வெட்டுவதாக இருந்தால், முறுக்காணியில் செருகி மடித்தபின்பே வெட்ட வேண்டும்; மடிக்காமல் வெட்டினால் சுற்று நழுவும்.

இழுவிசை மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். புதிய தந்தியைச் சுருதி சேர்த்து ஓரிரு நாள் விட்டபின், முதலில் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தைச் சீராக்கி, பிறகு தந்தியின் உயரத்தையும், கடைசியாகப் பிரிட்ஜில் சுருதித் துல்லியத்தையும் சரிசெய்ய வேண்டும். தடித்த தந்தி, கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டின் பள்ளத்தில் அமராவிட்டால் பள்ளத்தை அகலமாக்க வேண்டியிருக்கும். அதன்பின் மெல்லிய தந்தி அதில் ஆடும் என்பதால், தொகுதியை உறுதிசெய்த பிறகே அந்த வேலையில் இறங்குவது நல்லது.