மர மேசையும் சுவர் நிறமும்

பழைய உணவு மேசை மங்கிவிட்டதென்று விற்க முனைவோர் உளர். குறை மேசையினதா, சுவரினதா? பாரிசின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் கருஞ்சாயம் பொலிவற்றிருப்பதாக எழுந்த புகாரை வேதியியலறிஞர் ஷெவ்ரல் ஆராய்ந்தார். குறை சாயத்தில் அன்று, அதனை அடுத்திருந்த நிறத்தில் எனக் கண்டார். நிறங்களின் இயைபு பற்றி 1839-இல் நூல் வெளியிட்டார்.

மரமும் ஒரு நிறமே. தேக்கு, செம்மஞ்சட் சாயலுடைய பழுப்பு. அதற்கு எதிர்நிறம் நீலம். ஆதலின் வெளிர்நீலச் சுவரின்முன் தேக்கு ஒளிரும். மஞ்சட் சுவரின்முன் மங்கும். ஈட்டி போன்ற கருமரத்திற்கு வெண்மையே துணை. நம் தருமபுரிச் சிற்றூர்களில் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடித்த வழக்கமும் இவ்வியைபுக்கு உகந்ததே.

சுவரில் ஒரு முழம் பூசி, பகலொளியிலும் விளக்கொளியிலும் நோக்கித் தேர்க. தந்தையார் அமர்ந்துண்ட மேசையை விற்குமுன் சுவரை மாற்றிப் பாருங்கள். வீண்விரயம் தவிர்த்தல் மார்க்கம் நமக்குக் கற்பித்த பண்பன்றோ!