பெரும்பள்ளி வாசலிலே

பொலனறுவைக் கல்விகாரையை நண்பகலிற் காணச் சென்றோர், சப்பாத்தைக் கழற்றி வெயிலிற் காய்ந்த நிலத்தில் வெறுங்காலொடு நடந்தே தீரவேண்டும். சென்ற ஆண்டு மாணாக்கர் சிலரொடு யானும் அவ்வாறு நடந்தேன். அவருள் ஒருவன், நின்ற திருவுருவத்துக்குப் புறங்காட்டி நின்று, கைத்தொலைபேசியால் தன்னைத் தானே படம் பிடிக்கலானான். வெள்ளாடையுடுத்துத் தட்டிலே மலரேந்தி வந்த சிங்கள மூதாட்டி ஒருவர், ஒன்றுஞ் சொல்லாது, அவன் விலகுமளவும் காத்து நின்றார். அம்மௌனம் சுட்டதுபோல வெயிலும் என்னைச் சுடவில்லை. "தம்பி, நல்லூரிலே முருகனுக்கு முதுகைக் காட்டி நிற்பாயோ?" என்றேன். அவன் நாணித் தலைகவிழ்ந்தான்.

2012ஆம் ஆண்டிலே, புத்தர் சிலையை முத்தமிடுவதுபோலப் படமெடுத்த பிரான்சு நாட்டார் மூவர்க்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. தண்டனைக்கு அஞ்சி அடங்குதல் வேறு. அம்மூதாட்டியின் முகம் நோக்கி அடங்குதல் வேறு.

விகாரை ஒழுக்கத்துட் பெரும்பாலன சைவர்க்குப் புதியன அல்ல. தாதுகோபத்தை வலமாகவே சுற்றுதலும், படைக்கும் மலரை முகராமையும் நாமும் உடையனவே. ஆயின் ஓரிடத்தில் நம் வழக்கமே நம்மை இடறச் செய்யும். நம் ஆலயங்களில் ஆடவர் மேலாடை களைதல் பணிவு; விகாரையிலோ தோளும் முழங்காலும் மறைய உடுத்தலே பணிவு. பிக்குவைக் கண்டாற் கைகூப்புதல் அமையும், கைகுலுக்க முற்படலாகாது, பெண்டிர் அவரைத் தீண்டுதலும் ஆகாது.

கல்விகாரை முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தது. கிடந்த திருவுருவம் ஏறத்தாழ 46 அடி நீளமுடையது. "உறங்குகிறார்" என்றான் ஒரு மாணாக்கன். இடப்பாதம் சற்றே பின்வாங்கியிருத்தலைக் காட்டி, அது துயிலன்று, பரிநிருவாணம் என விளக்கினேன். அதன்பின் ஒருவரும் உரத்துப் பேசவில்லை.

அங்கிருந்து மீண்டு, பழைய நகரின் நடுவே தந்ததாதுக் கோயில்கள் நின்ற முற்றத்துக்கு வந்தோம். வட்டதாகேயின் சந்திரவட்டக்கல்லிலே யானையும் குதிரையும் உள. அனுராதபுரத்துக் கற்களிற் காணும் எருது இல்லை. சிவபிரானின் ஊர்தி காலில் மிதிபடலாகாதென்று அதனை விடுத்தனர் என்பர். அது மெய்யாயின், பிறர் வணங்குவதை மதிக்கும் பண்பிலே அச்சிற்பி நமக்கெல்லாம் மூத்தவன்.

அம்முற்றத்திலேயே, அட்டதாகேக்கு அருகில், தமிழ்க் கல்வெட்டொன்று நிற்கின்றது. முதலாம் விசயபாகு எடுப்பித்த தந்ததாதுக் கோயிலைத் தம் உயிரைக் கொடுத்தேனும் காப்போம் என்று, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வேளைக்காரப் படையினர் பொறித்த உறுதிமொழி அது. முன்னொருகால் அம்மன்னனையே எதிர்த்துக் கலகஞ் செய்தவர் இவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கோயிலுக்கு அவர் இட்ட பெயர் 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி'. திருகோணமலைப் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையும் சோழர் கல்வெட்டுக்களில் 'இராசராசப் பெரும்பள்ளி' எனப்பட்டது. அதற்குத் தமிழர் விளக்குக்கள் ஈந்தனர்.

'பள்ளி' என்னுஞ் சொல்லைக் கேட்டதும் மாணாக்கர் நிமிர்ந்தனர். "அப்படியானால் இது எங்களுடையதா, ஐயா?" என்றான் ஒருவன். இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. இவ்விகாரைகளுக்குள் அயலார்போல் நுழைதல் நம் முன்னோரை மறத்தலாகும். உரிமை கோருவார்போல் நுழைதல் இன்று அங்கே வழிபடுவாரை மறத்தலாகும். வேளைக்காரர் அக்கோயிலைத் தமதென்று எழுதவில்லை, காப்போமென்றே எழுதினர் என்று மட்டும் கூறினேன்.

திரும்பும் வழியிலே, படம் பிடித்த மாணாக்கன் என்னருகே வந்தமர்ந்து, "அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ஐயா. சிங்களத்தில் எப்படிச் சொல்வது?" என்றான். 'சமாவென்ன' என்று சொல்லிக் கொடுத்தேன். பேருந்து மின்னேரியாவைக் கடக்கும் வரையில் அதனையே மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.