29 மான்கள், 6,000 மான்கள், 42 மான்கள்

"அம்மா, ஓநாயே இல்லாத ஊர்ல மான் எல்லாம் ஜாலியா இருக்கும்தானே?"

படுக்கப் போகிற நேரத்தில் என் எட்டு வயது மகள் கேட்டாள். "ஆமா, தூங்கு" என்று விளக்கை அணைத்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு இடம் நிஜமாகவே இருந்தது. அந்தக் கதையைச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் சொல்லிப் பாருங்கள்.

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. தீவில் இருந்த வீரர்களுக்குச் சாப்பாடு தட்டுப்பட்டால் இறைச்சிக்கு ஆகும் என்ற எண்ணம். பிறகு வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். மான்கள் தங்கிவிட்டன.

ஓநாய் இல்லை, வேட்டைக்காரர் இல்லை. தரையெங்கும் மெத்தை மாதிரி லைக்கன். பாறையிலும் மண்ணிலும் பாசி போலப் படரும் இதுதான் குளிர்காலத்தில் மான்களுக்கு முக்கிய உணவு. டேவிட் க்ளைன் என்ற உயிரியலாளர் 1957-இல் போய்ப் பார்த்தபோது 1,350 மான்கள், எல்லாம் கொழுகொழுவென்று. 1963-இல் 6,000!

இங்கே கதையை நிறுத்தி, "அடுத்த தடவை எத்தனை?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். என் மகள் யோசிக்காமல் "இருபதாயிரம்!" என்றாள்.

1966-இல் இருந்தவை 42. தீவெங்கும் எலும்புகள். 41 பெண் மான்கள், ஒரே ஒரு ஆண், அதுவும் நோஞ்சான். குட்டி ஒன்றுகூட இல்லை. 1980-களில் கடைசி மானும் போய்விட்டது.

1963-64 குளிர்காலம் மிகக் கடுமையானது. ஆனால் பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. லைக்கன் ரொம்ப மெதுவாக வளரும். மான்கள் அதைவிட வேகமாக மேய்ந்துவிட்டன. வட்டியை விட்டுவிட்டு முதலையே சாப்பிட்ட கதைதான். 6,000 இருந்தபோதே மான்கள் இளைத்திருந்தன, குட்டிகளும் குறைந்திருந்தன. ஓர் இடம் இத்தனை உயிர்களைத்தான் தாங்கும் என்ற இந்த அளவைத் 'தாங்குதிறன்' என்பார்கள்.

கண்ணால் காட்ட வேண்டுமா? இட்லி மாவு போதும். குளிரில் பொங்காத மாவை, விளக்கு மட்டும் போட்ட அவனுக்குள் வைத்தால் ராத்திரியில் பொங்கிவிடும். வெளியிலேயே விட்டால்? மேலும் மேலும் பொங்கிக்கொண்டே போகாது. பொங்கவைத்த நுண்ணுயிர்கள் தாங்கள் உண்டாக்கிய புளிப்பிலேயே தடுமாறிப்போகும்.

"அப்போ ஓநாய் நல்லதாம்மா?"

"அது பிடிக்கிற மானுக்குக் கெட்டது. ஆனா மத்த மானுக்கெல்லாம் சாப்பாடு மிஞ்சியிருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கடைசி மான் தனியாவா இருந்துச்சு?"

"ஆமாடா" என்றேன். அன்றைக்கு விளக்கை அணைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.